ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் அறக்கட்டளைகளுக்கு உதவுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மே மாதமும் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே என் போன் ஓயாது. ஒரு பக்கம் பிள்ளைகள்: "மார்க் வந்துடுச்சுண்ணா, அடுத்து என்ன பண்றது?" இன்னொரு பக்கம் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும்: "யாருக்காவது படிக்க உதவணும்னு இருக்கு, எங்கே கொடுக்கறது?" திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் பத்து வருடத்துக்கு மேலாகத் தன்னார்வலராக இருக்கிறேன். இரண்டாவது வகை ஆட்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் அறக்கட்டளையின் பெயர் இதில் வராது. இது அதற்கான விளம்பரம் இல்லை.

அரசுக் கல்லூரியில் கட்டணமே குறைவு. அரசாங்கம் மாதம் ஆயிரம் ரூபாயும் தருகிறது. அப்புறம் அறக்கட்டளை எதற்கு?

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் அரசு செய்வது கொஞ்சநஞ்சம் இல்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதில் இருப்போரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. அரசுக் கலைக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டமும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் தருகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

சரி, பிறகு எங்கேதான் இடிக்கிறது? நாள் கணக்கில் இடிக்கிறது. கலந்தாய்வில் சீட்டு ஒதுக்கீடானால் சில நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். ஆயிரம் ரூபாயோ உதவித்தொகையோ சேர்ந்த பிறகுதான், அதுவும் சில மாதம் கழித்துத்தான் வரத் தொடங்கும். அந்த இடைவெளியில் விடுதி முன்பணம், மெஸ் பணம், தலையணை, வாளி, செருப்பு, கூட வரும் அம்மாவுக்கும் சேர்த்து பஸ் சார்ஜ் எல்லாம் வேண்டும். செங்கல் சூளையில் ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கியிருக்கும் குடும்பத்தால் ஒரே வாரத்தில் பதினைந்தாயிரம் புரட்ட முடியாது. நல்ல கட்-ஆஃப் இருந்தும் சீட்டை விட்டுவிட்டு, பக்கத்து ஊரில் கிடைத்ததில் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எதிலும் சேராமல் திருப்பூர் பஸ் ஏறியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அரசின் பணம் பெரியது, ஆனால் மெதுவாக வரும். எங்களைப் போன்றவர்களின் பணம் சின்னது, ஆனால் இன்றைக்கே கையில் கொடுக்க முடியும். அறக்கட்டளையின் வேலையில் பாதி இந்த இடைவெளியை அடைப்பதுதான்.

மீதிப் பாதி?

காகிதமும் தகவலும். இதைப் பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நினைத்தே பார்ப்பதில்லை.

ஒரு பிள்ளை கல்லூரியில் சேர சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, டி.சி. எல்லாம் கையில் இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கும். இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறி வர வேண்டும். ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு இன்னும் சிரமம். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது; கோட்டாட்சியர்தான் தர வேண்டும். மலையிலிருந்து இறங்கி வருவதற்கே ஒரு நாள் கூலி போய்விடும். அந்தத் தாள் ஜூலையில் வந்து என்ன பயன்? ஜனவரியிலேயே அறக்கட்டளையிலிருந்து ஒரு அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போய் "உன்கிட்ட எது இருக்கு, எது இல்ல" என்று உட்கார்ந்து சரிபார்த்தால் ஒரு வருடம் மிச்சமாகும்.

அடுத்தது தனியார் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர்கள். தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே ஊருக்குள் வந்துவிடுவார்கள். "பஸ் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, சீட்டு கன்ஃபார்ம்" என்று சொல்லி, ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். பயத்தில் கொடுத்துவிடுவார்கள் பெற்றோர். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வராமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் கிடையாது, 7.5 சதவீதமும் கிடையாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மாணவர்களின் ஒரிஜினலைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் அதைத் திரும்ப வாங்க நான் மூன்று முறை ஒரு கல்லூரி வாசலில் நாள் முழுக்க நின்றிருக்கிறேன்.

அப்புறம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கலந்தாய்வில் பதிவது. பொறியியல் கலந்தாய்வு 2018இல் ஆன்லைனுக்கு மாறியது. சென்னைக்கு அலையும் செலவு மிச்சம், நல்லதுதான். ஆனால் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃபை வைத்துக்கொண்டு, நானூறு சொச்சம் கல்லூரிகளில் எதை முதலில் போடுவது என்று தீர்மானிப்பது பதினேழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு எளிதா? 180 எடுத்த பையன், பெயர் நன்றாக இருக்கிறதே என்று வேலைவாய்ப்பே இல்லாத ஒரு கல்லூரியை மேலே போட்டுவிடுகிறான். அதுவே கிடைத்தும் விடுகிறது. பட்டியலில் அதற்குக் கீழே இருந்த நல்ல கல்லூரிகள் அத்தோடு போயிற்று. பக்கத்தில் விவரம் தெரிந்த ஓர் அண்ணன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நடக்காத தப்பு.

நல்ல அறக்கட்டளை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவுச் சான்று, பான் எண், வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், தணிக்கை செய்த கடந்த மூன்று ஆண்டுக் கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மத்திய அரசின் நிதி ஆயோக் தொண்டு அமைப்புகளுக்காக வைத்திருக்கும் தர்பண் தளத்தில் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் பார்க்கலாம். ஆனால் இவையெல்லாம் அந்த அமைப்பு சட்டப்படி இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். வேலை நடக்கிறதா என்பதைக் காட்டாது.

அதற்கு நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: "நாலு வருஷத்துக்கு முன்னாடி சேர்த்த பிள்ளைங்க இப்ப எங்கே இருக்காங்க?" இந்த வருடம் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான்கு வருடத்துக்கு முன் சேர்த்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று சொல்ல முடிந்த அமைப்பிடம் நம்பிப் பணம் கொடுக்கலாம். நூற்றுக்கு நூறு பேரும் முடித்தார்கள் என்று சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

உதவி பெறும் பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். மார்க் பட்டியலை மட்டும் பார்த்து எடுக்கிறார்களா, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்களா? வீட்டுக்குப் போனால்தான் 480 எடுத்த பிள்ளை காலையில் பூக்கட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடியது தெரியும். 540 எடுத்த பிள்ளைக்கு உதவ வேறு ஆட்கள் இருப்பதும் தெரியும்.

பெரிய அமைப்புக்குக் கொடுப்பதா, ஊரில் இருக்கும் சின்ன அமைப்புக்குக் கொடுப்பதா?

நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளையைத் தெரியாதவர் கிடையாது. 2010 முதல் நடக்கும் அதன் 'விதை' திட்டத்தில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துத் தேர்வு செய்யும் முறையையும், படித்து முடித்தவர்களே அடுத்த செட்டுக்கு வழிகாட்டியாகத் திரும்பி வருவதையும் எங்களைப் போன்ற சின்னவர்கள் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டோம்.

பெரிய அமைப்புக்குக் கல்லூரிகளோடு ஒப்பந்தம் இருக்கும், இலவச சீட்டு கேட்டு வாங்கும் பலம் இருக்கும். சின்ன அமைப்புக்குப் பிள்ளையின் தெருப் பெயர் தெரியும். பெரிய அமைப்புகளின் பட்டியலில் விட்டுப்போன பிள்ளை எங்களிடம்தான் வருவாள். உங்களால் நேரில் போய்ப் பார்க்க முடியும் என்றால் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுங்கள். முடியாது, மாதாமாதம் பணம் போனால் போதும் என்றால் பெயர் பெற்றதற்கே கொடுங்கள்.

ஒரே ஒரு மாணவரை நானே முழுதாகப் படிக்க வைக்கலாமா?

வைக்கலாம். நிறையப் பேருக்கு இதுதான் ஆசை, எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இரண்டு விஷயம் யோசியுங்கள். இரண்டாம் வருடத்தில் உங்கள் வேலை போனால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்? பொது நிதி என்றால் ஒருவர் நின்றாலும் இன்னொருவர் பணம் தாங்கும். இன்னொன்று, உறவு. "எங்க சார் பணம் கட்டறார்" என்று தெரிந்த பிள்ளை அரியர் விழுந்தால் உங்களிடம் மறைக்கும். விருந்துக்குக் கூப்பிட்டால் மறுக்க முடியாமல் வரும். நீங்கள் நல்ல மனதோடு கேட்கும் "எத்தனை மார்க்?" அதற்கு வேறு மாதிரிக் கேட்கும்.

எங்கள் அமைப்பில் பணம் கொடுப்பவருக்கு மாணவரின் பெயர் சொல்வதில்லை. படிப்பும் ஆண்டும் மட்டும் தெரியும். சிலர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கொடுக்கும் பணத்தில் எவ்வளவு நிர்வாகச் செலவுக்குப் போகிறது? முழுதும் மாணவருக்கே போக வேண்டும் என்று நிபந்தனை போடலாமா?

போடலாம், ஆனால் போடாதீர்கள். மேலே சொன்ன சான்றிதழ் வேலை, வீட்டுக்குப் போவது, மாதம் ஒருமுறை போன் செய்வது, விடுதியில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் போய்ப் பார்ப்பது எல்லாமே கணக்குப் புத்தகத்தில் "நிர்வாகச் செலவு" என்ற தலைப்பில்தான் வரும். ஒரு ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றால் அந்த வேலையை யார் செய்வது? கட்டணம் மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கும் அமைப்புகளில்தான் பிள்ளைகள் அதிகம் நின்றுபோகிறார்கள் என்பது என் அனுபவம். என்ன செலவு, எதற்கு என்று கேளுங்கள். ஏசி கார் இருந்தால் சண்டை போடுங்கள். பஸ் டிக்கெட் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வரிவிலக்கு உண்டா?

80ஜி பதிவு உள்ள சாதாரண அறக்கட்டளைக்குக் கொடுத்தால், கொடுத்ததில் 50 சதவீதத்தை உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. கவனியுங்கள், கழிவது வருமானத்திலிருந்து, வரியிலிருந்து அல்ல. 10,000 கொடுத்தால் 5,000 கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சமாவது ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இந்தக் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் கிடையாது. இப்போது சம்பளக்காரர்களில் பலர் அந்த முறையில்தான் இருக்கிறார்கள், பிறகு வருத்தப்படாதீர்கள். அறக்கட்டளை கொடுக்கும் ரசீது மட்டும் போதாது, அவர்கள் வரித்துறையில் பதிவேற்றி எடுத்துத் தரும் நன்கொடைச் சான்றிதழும் வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. ஆனாலும் ஊரில் இன்னும் பல வருடம் எல்லோரும் 80ஜி என்றுதான் சொல்லப் போகிறார்கள்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அனுப்பலாமா?

உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் உங்கள் பணம் வெளிநாட்டுப் பணம்தான். அதை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இருக்கும் தனிக் கணக்கில்தான் வாங்க முடியும். சின்ன அமைப்புகள் பலவற்றுக்கு இந்தப் பதிவு இல்லை. "தம்பி அக்கவுண்ட்டுக்குப் போடறேன், நீங்க வாங்கிக்கோங்க" என்று சுற்றுவழி சொல்லாதீர்கள். மாட்டுவது நீங்கள் இல்லை, அந்த அமைப்பு.

எங்கள் கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணத்தைக் கேட்கலாமா?

கேட்கலாம். சி.எஸ்.ஆர். என்பது கம்பெனிகள் சமூக நலனுக்கென்று ஒதுக்கும் பணம்; அதை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் கல்வியும் இருக்கிறது. அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கம்பெனிப் பணம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் உறுதி, படிப்போ மூன்று, நான்கு வருடம். அதனால் அந்தப் பணத்தில் நாங்கள் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. லேப்டாப், ஆங்கில வகுப்பு போன்று ஒரே வருடத்தில் முடியும் செலவுகளுக்குக் கேட்கிறோம்.

அப்பா நினைவாக ஒரு தொகையை வங்கியில் போட்டு, வட்டியில் உதவித்தொகை கொடுக்கலாமா?

நல்ல யோசனை. ஆனால் நிபந்தனைகளைத் தளர்வாக எழுதுங்கள். "எங்கள் ஊரில், பி.எஸ்சி. கணிதம் படிக்கும், முதல் மதிப்பெண் பெற்ற மாணவிக்கு" என்று எழுதிவிட்டால், அப்படி ஒருவர் கிடைக்காத வருடம் பணம் சும்மா கிடக்கும். பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற தர்மப் பணம் வழக்கு வழியாகச் சுற்றி, அதிலிருந்து சென்னையில் பள்ளி திறந்தது 1842இல். நாற்பத்தெட்டு வருடம்! உங்கள் தொகைக்கு அவ்வளவு வழக்கு வராது. இருந்தாலும் "அல்லது அறங்காவலர்கள் தகுதியானவர் என்று கருதும் வேறு மாணவருக்கு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பணம் அதிகம் இல்லை. நேரம் கொடுக்கலாமா?

உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அதுதான் அதிகம் தட்டுப்பாடு.

முதல் செமஸ்டர்தான் ஆபத்தான காலம். தமிழ் வழியில் 90க்கு மேல் எடுத்த பிள்ளை முதல் நாள் கணக்கு வகுப்பில் உட்காரும். "டெரிவேட்டிவ்" என்பது தான் ஏற்கெனவே படித்த வகைக்கெழுதான் என்று அதற்குத் தெரியாது. பக்கத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், இதுவும் ஆட்டும். டிசம்பரில் மூன்று அரியர். வீட்டில் சொல்ல முடியாது, அங்கே யாருக்கும் அரியர் என்றால் என்னவென்றே தெரியாது. ஜனவரியில் பொங்கலுக்கு வந்த பிள்ளை திரும்பிப் போகாது. நின்றுபோனவர்களில் எங்களுக்குத் தெரிந்து பெரும்பாலோர் இந்த வழியில்தான் போனார்கள், பணம் இல்லாமல் போனவர்கள் குறைவு.

அதனால் நீங்கள் செய்யக்கூடியது: ஒரு பிள்ளைக்கு வாரம் ஒருமுறை அரை மணி நேரம் போன். சேர்க்கைக்கு முந்தைய ஜூன், ஜூலையில் பாடச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பதினைந்து நாள் வகுப்பு. மருத்துவரோ வழக்கறிஞரோ பாலிடெக்னிக் படித்து வேலையில் இருப்பவரோ, உங்கள் துறையைப் பற்றி ஒரு சனிக்கிழமை பேச்சு. ஐ.டி.ஐ. பற்றிப் பேச ஆளே கிடைப்பதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒத்துக்கொண்டால் நான்கு வருடம் இருங்கள். மூன்று மாதம் அன்பாகப் பேசிவிட்டுக் காணாமல்போகும் அண்ணனை விட, வராமலே இருந்த அண்ணன் மேல். போன் எடுக்காத பிள்ளையிடம் கோபப்படாதீர்கள். ரீசார்ஜ் முடிந்திருக்கும், இல்லையென்றால் அரியர் விழுந்திருக்கும்.

நாம் உதவிய மாணவர் பாதியில் நின்றுவிட்டால்? பணம் வீண்தானே?

ஒருமுறை ஒரு மாணவி இரண்டாம் ஆண்டில் நின்றாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, தம்பிகள் இரண்டு பேர். அந்த வருடக் கணக்கில் அவளை "இடைநிற்றல்" என்று எழுதினோம். மூன்று வருடம் கழித்து தொலைதூரக் கல்வியில் பட்டம் முடித்துவிட்டு, தம்பியின் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அவனுக்கு எல்லாச் சான்றிதழும் ஜனவரியிலேயே தயாராக இருந்தது. எல்லாக் கதையும் இப்படி முடியாது. சிலரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

கல்விக் கடன் வாங்கிப் படிக்கலாமே?

படிக்கலாம். நான்கு லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள். 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் தேர்ந்தெடுத்த தரமான கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு ஜாமீனும் அடமானமும் இல்லாமலே கடன் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடுவது கந்துவட்டியில் அடிபட்ட அப்பா. கடன் என்ற சொல்லுக்கே அவர் பயப்படுகிறார். வங்கிக்குக் கூடப் போய் உட்காரும் ஓர் ஆள் அங்கேயும் தேவைப்படுகிறார்.

"ஏழை மாணவிக்கு உதவுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பலாமா?

மார்க் ஷீட் படத்தில் இருக்கும் வருடத்தைப் பாருங்கள். ஐந்து வருடம் பழையதாக இருக்கும். நிஜமாக இருந்தாலும் அந்தப் பிள்ளையின் போன் நம்பரும் முகமும் பத்தாயிரம் பேரிடம் போய்விட்டது. இரவு பன்னிரண்டு மணிக்கு யார் யாரோ அழைக்கிறார்கள் என்று அழுத பெண்ணை எனக்குத் தெரியும். ஃபார்வர்டு செய்யாதீர்கள். பள்ளித் தலைமையாசிரியரை விசாரித்து, பக்கத்தில் இருக்கும் அமைப்பு ஒன்றிடம் தகவலைச் சேர்த்துவிடுங்கள்.

காசோலை கொடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம்.

வீட்டில் பழைய லேப்டாப் இருக்கிறது. கொடுக்கலாமா?

பேட்டரி ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும், விடுதியில் எல்லா அறையிலும் ப்ளக் பாயின்ட் இருக்காது. உங்கள் போட்டோக்களையும் பாஸ்வேர்டுகளையும் அழித்துவிடுங்கள். சார்ஜரை மறக்காதீர்கள். எங்கள் அலுவலக அலமாரியில் சார்ஜர் இல்லாத லேப்டாப் இப்போது ஆறு இருக்கிறது.